அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள்: செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் செவிலியர் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 27 ஆண்டுகள் அறுவைசிகிச்சை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். நெஞ்சில் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

"படுக்கையைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டுமா, சிஸ்டர்?"

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, வயிற்றின் இடப்பக்கம் நிரந்தரக் கொலாஸ்டமியோடு (பெருங்குடலை வயிற்றில் திறந்து, மலம் பையில் சேரும்படி வைக்கும் வழி) வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் கேட்டது. நாற்பது வயதிருக்கும். மனைவி மருந்து வாங்கும் வரிசையில் நின்ற நேரம் பார்த்துக் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியில் உரிந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பையை ஒட்டுவது, தோலைத் துடைப்பது, மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்வது என்று எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இனி மனைவியோடு தாம்பத்தியம் உண்டா என்றுதான் கேட்கிறார் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆனாலும், "டாக்டர் வருவார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். பத்துப் பேர் சூழ ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் இதை எந்த மனிதர் கேட்பார்? அவரும் கேட்கவில்லை. போய்விட்டார்.

பாடம் இல்லாமல் இல்லை. இந்திய செவிலியர் கவுன்சிலின் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், செவிலிய அடிப்படைகள் பாடத்திலேயே தன்கருத்தும் பாலியல்பும் இருக்கின்றன. உடம்பைப் பற்றி, தன் மதிப்பைப் பற்றி, வீட்டில் தன் இடத்தைப் பற்றி ஒருவர் மனத்துக்குள் வைத்திருக்கும் சித்திரம் நோயால் எப்படிக் கலைகிறது என்பதை நீங்கள் நடத்துகிறீர்கள்; தேர்விலும் கேட்கிறீர்கள். பிறகு மாணவி வார்டுக்கு வருகிறாள். நோயாளி மதிப்பீட்டுப் படிவத்தில் 'பாலியல்பு' என்ற இடத்துக்கு வந்ததும், 'திருமணமானவர், இரண்டு குழந்தைகள்' என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுகிறாள். எத்தனையோ படிவங்களில் இதே வரியைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தி, சிவப்பு மையில் சரி போட்ட கைகளில் என் கையும் ஒன்று.

அந்த மனிதருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. படுக்கையைத் தனியாகப் போட வேண்டாம், இந்த நோய் ஒட்டிக்கொள்ளாது. புண் நன்றாக ஆறட்டும், எப்போது என்று சர்ஜனைக் கேட்டுச் சொல்கிறேன். முன்கூட்டியே பையைக் காலி செய்துவிடுங்கள். பையின் மேல் துணி உறை போட்டுக்கொள்ளலாம், இடுப்பில் அகலமான பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உடம்பு மேலே பட்டால் ஸ்டோமாவுக்கு, அதாவது வயிற்றில் திறந்திருக்கும் அந்தத் துளைக்கு, ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்குள் எதையும் நுழைக்கக் கூடாது. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் செய்யும் ஆபரேஷனில் நரம்புகள் பாதிக்கப்படலாம், அதனால் விறைப்பில் சிரமம் வரலாம். அது ஆண்மை போனதன் அடையாளம் அல்ல; அதற்கு வைத்தியம் உண்டு, வெட்கப்படாமல் வாருங்கள். இவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

உண்மையில் இந்தப் பேச்சு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்க வேண்டும். ஸ்டோமா எங்கே வரவேண்டும் என்று வயிற்றில் குறியிடும்போது நோயாளியை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்க்கிறோம். பாவாடை நாடா எங்கே இறுகுகிறது, வேட்டி எந்த இடத்தில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். சேலை கட்ட முடியாமல் நைட்டியோடு வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். உலகின் முதல் ஸ்டோமா பராமரிப்பாளராக அறியப்படும் நார்மா கில், தானே வயிற்றில் ஸ்டோமாவோடு வாழ்ந்தவர். அவருக்கு அறுவைசிகிச்சை செய்த ரூபர்ட் டர்ன்புல்தான் 1958-இல் அவரைக் கிளீவ்லாந்து கிளினிக்கில் வேலைக்குச் சேர்த்தார். பையோடு வாழ்வது எப்படி என்று பையோடு வாழ்ந்தவரே கட்டிலருகில் உட்கார்ந்து சொன்னதிலிருந்துதான் அந்தத் துறையே பிறந்தது.

மார்பகம் எடுக்கப்பட்ட பெண்கள் டிரஸ்ஸிங்கின்போது எங்கே பார்ப்பார்கள் தெரியுமா? சிலர் மின்விசிறியை. பெரும்பாலோர் நம் முகத்தை. காயத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், அது எப்படி இருக்கிறது என்பதை நம் முகத்தில் படிக்கிறார்கள். நம் புருவம் நெரிந்தால் அவர்களுக்கு அதுவே கண்ணாடி. திரையை முழுவதும் இழுத்துவிட்டு, "இன்று பார்க்கிறீர்களா, நாளைக்குப் பார்க்கலாமா? பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கணவர் உடன் இருக்கலாமா என்பதையும் அந்தப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். ரவிக்கைக்குள் வெறும் பஞ்சை வைத்தால் எடையில்லாமல் மேலே ஏறிவரும், அதனால் துணியில் தைத்து உள்ளாடையோடு பிணைத்துக்கொள்ள வேண்டும் என்பது சின்ன விஷயம். ஒரு கல்யாண வீட்டுக்குத் துணிந்து போய்வர அந்தச் சின்ன விஷயம்தான் வேண்டியிருக்கிறது.

ஆறுதல் என்ற பெயரில் நாம் சொல்லும் சில சொற்களை வகுப்பிலேயே தடுத்துவிடுங்கள். "பிள்ளைகளெல்லாம் பெரியவர்களாகிவிட்டார்கள், இனி அது எதற்கு?" கர்ப்பப்பை எடுத்தவர்களிடமும் மார்பகம் எடுத்தவர்களிடமும் எங்கள் வார்டுகளில் தினமும் சொல்லப்பட்ட வாக்கியம் இது. ஒருமுறை, கணவரை இழந்த ஓர் அம்மாவிடம் நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிள்ளை பெறுவதற்கும் கணவருக்கும் மட்டுமே ஒரு பெண்ணின் உடம்பு என்று அவரிடம் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது. மணமாகாதவர்கள், முதியவர்கள், எந்த வார்டில் சேர்ப்பது என்று நாம் குழம்பி நிற்கும் நேரமெல்லாம் ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக் கிடக்கும் திருநங்கைகள், இவர்களிடம் என்ன பெயரில் அழைக்கட்டும் என்று கேட்பதுகூட இந்தப் பராமரிப்பில் சேர்த்திதான்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதுப் பெண் ஒரு ஆணிடம் இதையெல்லாம் பேசினால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாரா? எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால்தான் சொற்களைப் பழக்க வேண்டும் என்கிறேன். ஊசி போடுவதை முதலில் பொம்மையின் கையில் பழக்குகிறோமே, அதுபோல. ஜாக் ஆனன் என்ற அமெரிக்க உளவியலாளர் பாலியல் சிக்கல்களில் உதவுவதற்கு 1976-இல் வகுத்த நான்கு படிகளில் முதலாவது, பேச அனுமதி தருவது. இரண்டாவது, தேவையான அளவு தகவல். செவிலியருக்கு இந்த இரண்டு போதும். மற்றவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். "இந்த ஆபரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம் பற்றிப் பலருக்கும் சந்தேகம் வரும். உங்களுக்கும் இருந்தால் என்னிடம் கேட்கலாம். என்னிடம் வேண்டாமென்றால் வேறொரு சிஸ்டரையோ பிரதரையோ வரச் சொல்கிறேன்." இதை மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகட்டும். முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள். செய்முறைத் தேர்வில் அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

அழைத்தால் எந்தக் கல்லூரிக்கும் வருகிறேன், பணம் வேண்டாம். கொலாஸ்டமி பைகளை நானே கொண்டுவருகிறேன். மாணவர்கள் ஆளுக்கொன்றை வயிற்றில் ஒட்டி, அதில் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடிக்கொள்ளட்டும். அப்படியே வகுப்பில் உட்காரட்டும், பஸ்ஸில் நெரிசலில் போகட்டும், இரவு அதோடு தூங்கட்டும். மறுநாள் காலை முதல் வகுப்பை எனக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு செவிலியர் ஒருவர்