எட்டு ஸ்பீக்கர் கச்சேரி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எட்டு ஸ்பீக்கர் வைத்து, மின்னணு இசைக்கென்றே ஒரு மாலையை ஒதுக்கிவிட்டாய் என்பதும் மனதுக்கு நிறைவு.

ஆனால் நீ எழுதியபடி ஆறு உருப்படி வேண்டாம். பகல் 2 மணிக்குக் கூடம் கையில் கிடைத்து, 6.30க்குக் கச்சேரி என்றால் நான்குக்கே நேரம் இழுபறிதான். ஸ்டுடியோவில் எவ்வளவு துல்லியமாகச் செய்திருந்தாலும் கூடத்துக்குள் வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி சரி பார்க்க வேண்டும். நாற்காலிகளை இடம் மாற்றச் சொல்லும் இரண்டையும் எடுத்துவிடு.

முதலில் ஸ்பீக்கர்கள். நீ எழுதியபடி கூடம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். எட்டையும் சுற்றிலும் வைத்து, 2 மீட்டருக்கு மேல் உயர்த்தி, நடுவை நோக்கிக் கொஞ்சம் சாய்த்துவிடு. காது மட்டத்தில் வைத்தால் முன்வரிசைத் தலைகளே மேல்சுருதிகளை மறைத்துவிடும். எந்த ஸ்பீக்கருக்கும் 2 மீட்டருக்குள் நாற்காலி கூடாது. காது முதலில் வந்து சேரும் ஒலியின் திசையைத்தான் நம்பும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு எட்டும் சேர்ந்து பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றாகச் சுருங்கிவிடும். நூறு பேருக்கு ஆசைப்படாதே, அறுபது போதும். ஒலிகளைக் கலந்து அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் நட்டநடுவில் இருக்கட்டும். பாரிசில் இசையமைப்பாளர் ஃபிரான்சுவா பேல் 1974ல் அக்கூஸ்மோனியம் என்ற ஸ்பீக்கர் வாத்தியக் குழுவை அமைத்த காலத்திலிருந்தே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையாள்பவர் கேட்பவர்களுக்கு நடுவில்தான் உட்கார்கிறார். பின்சுவரோரம் உட்கார்ந்து முன்னும் பின்னும் சமன் செய்ய முடியாது.

ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகப் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டு, நடுவில் மீட்டர் வைத்து 75 டெசிபலுக்குக் கொண்டுவா. உன் கூடத்தில் முன் ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து 8 மீட்டர், பக்கத்தில் இருப்பவை 4.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 3.5 மீட்டர். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி. ஆகவே பக்கவாட்டுக்கு 10 மில்லிவினாடி தாமதம் கொடு, அப்போதுதான் நடுவில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

அதிகம் சொதப்புவது ஸ்பீக்கர்களின் எண் வரிசைதான். இசையமைப்பாளர் ஜோனதன் ஹார்வியின் 1980ஆம் ஆண்டுப் படைப்பு எட்டுச் சேனல், அதாவது ஸ்பீக்கருக்கு ஒன்றாக எட்டுத் தனி ஒலித்தடம். வின்செஸ்டர் தேவாலயப் பெருமணியும் ஒரு சிறுவனின் குரலும் சுற்றி வருவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. எட்டுச் சேனல் கோப்புகளைச் சிலர் முன் இடம், முன் வலம் என்று ஜோடி ஜோடியாக எண்ணுவார்கள். சிலர் கடிகார முள் போகும் திசையில் வட்டமாக எண்ணுவார்கள். ஜோடிக் கணக்கில் வந்த கோப்பை வட்டமாகச் செருகினால், வழுக்கிச் செல்ல வேண்டிய ஒலி அங்குமிங்கும் தாவும். பழக்கமில்லாத காதுக்கு அதுவும் புதுமையாகத்தான் தோன்றும், தவறு யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதனால் 'ஒன்று, இரண்டு' என்று ஒவ்வொரு சேனலிலும் குரல் பதிந்த சோதனைக் கோப்பு ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வை.

அடுத்து இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969ல் தொடங்கிய அந்த அறைப் படைப்பு. பேச்சைப் பதிந்து, அதை அறைக்குள் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்து, அதையும் ஒலிக்கவிட்டு... இப்படிப் போகப் போக மெய்யெழுத்துகள் கரைந்து, அந்த அறை தூக்கிக் கொடுக்கும் சுருதிகள் மட்டும் மிஞ்சும். பேச்சின் தாளம் மட்டும் உள்ளே மங்கலாக நிற்கும். வேறு எந்த உரையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதிய ஸ்கோரே (இசைக்குறிப்பே) அனுமதிக்கிறது. தமிழில் செய், நண்பா. இடைவெளிகள் சீராக இல்லாத உரைநடையாக ஒரு நிமிடத்துக்கு எடுத்துக்கொள். 16 சுற்று என்றால் 17 நிமிடம் பிடி.

மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதே. உன் கூடத்தில், கூரை 5 மீட்டர், எதிரொலி ஒரு வினாடி என்று கொண்டால், 2 மீட்டருக்குள் நேரடி ஒலிதான் மேலோங்கும், அறை பேசாது. 5 மீட்டர் தள்ளி, எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி மைக்காக வை. சுற்றுக்கு 1 டெசிபல் கூடினாலும் பதினாறாவதில் 16 டெசிபல் ஏறிக் கிழியும். அதே அளவு குறைந்தால் ஏசி இரைச்சலும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் மேலே வந்துவிடும். ஒத்திகையில் மட்டத்தைச் சரியாகப் பிடித்துக் குறித்துவை. ஆட்கள் வந்தபின் எதிரொலி குறையும் என்பதால் இரண்டு சுற்று கூடுதலாகத் தேவைப்படலாம். ஒருவர் இருமினால் அந்த இருமல் கடைசிவரை திரும்பத் திரும்ப வரும். இதை முன்பே அவையில் சொல்லிவிடு.

தாம்பாளமும் கம்பியும் வைத்து நேரில் வாசிக்கும் உருப்படிக்குப் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பியேசோ வில்லையை நேரே மிக்ஸர் லைனில் செருகியிருக்கிறாய், அதனால்தான் தகர டப்பா போலக் கேட்கிறது. 27 மில்லிமீட்டர் வில்லையின் கொள்ளளவு சுமார் 20 நானோஃபேரட். மிக்ஸர் லைனின் 10 கிலோஓம் உள்ளீட்டில் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். வாத்திய சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ், 1 மெகாஓம் உள்ளீடுள்ளதாக எடுத்து, அதன் வழியாகக் கொடுத்தால் 8 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். வில்லைக்கும் பாக்ஸுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வயர் வேண்டாம், அதுவும் ஷீல்டு வயராக இருக்கட்டும். பற்றவைக்கும்போது இரண்டு வினாடிக்குள் கையை எடு, வெள்ளிப்பூச்சு உரிந்துவிடும்.

நிகழ்ச்சிக் குறிப்பில் அகமதாபாத்தை விட்டுவிடாதே. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்துடன் ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். நம்மவர்கள் அங்கே இசை செய்தார்கள். இது வெளியிலிருந்து நேற்று வந்த சரக்கு அல்ல என்று வருபவர்களுக்குத் தெரியட்டும்.

லூசியரை முதல் உருப்படியாக வை. 6.25 வரை ஏசியை முழுதாக ஓடவிட்டுக் குளிரவைத்து, பிறகு அணைத்துவிட்டால் அறுபது பேரும் 17 நிமிடம் தாங்குவார்கள். அந்த ஏசி சுவிட்ச் யார் பொறுப்பில் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரி. பூட்டிய அறைக்குள் இருந்தால், சாவிக்காரர் ஆறு மணிக்கே கிளம்பிவிடக்கூடும்.

அன்புடன்,
உன் நண்பன்