ஏறாமல் தப்பிய பருவம்

ட்ரொம்சோ, வட நோர்வே, நவம்பர் 2025

அன்புள்ள மச்சான்,

உன் குரல்பதிவு கேட்டேன். நோர்வே மிலானில் வைத்தே இத்தாலியை 4–1 என்று அடித்து, 1998க்குப் பிறகு உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்குப் போகிறதே, நீ ஆடித் திரிவாய் என்கிறாய். ஆடினேன்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இந்த வருடம் என் நித்திரையைக் கெடுத்தது நோர்வேயின் கோலடி வீரர் ஹாலன்ட் இல்லை, எங்கள் ஊர்க் கழகம்.

நாங்கள் நாலாம் டிவிஷன். பெயரை நம்பாதே. உச்சத்தில் இருப்பது எலிட்டசேரியன், அதற்குக் கீழேதான் முதலாம் டிவிஷனே தொடங்குகிறது. ஆகவே நாங்கள் உண்மையில் ஐந்தாம் படி.

ஏப்ரல் கடைசியில் பருவம் தொடங்கும் என்றால் வசந்தம் என்று நினைப்பாய். மைதானத்தைச் சுற்றி அப்போதும் ஆள் உயரத்துக்குப் பனிக்குவியல். குளிர்காலம் முழுக்கப் பனியை வழித்துத் தள்ளும்போது செயற்கைப் புல்லுக்குள் கிடக்கும் கறுப்பு ரப்பர் மணிகளும் கூடவே போய்விடும். உருகிய பிறகு அதைக் கூட்டி அள்ளுவது எங்கள் வேலை. இதற்கு ‘டுக்னாட்’ என்று பெயர். நம்முடைய சிரமதானம்தான், வராவிட்டால் ஊர் கதைக்கும். வீட்டில் வந்து சப்பாத்தைக் கழற்றினால் நிலமெல்லாம் மணி. மிளகைக் கொட்டிவிட்டேன் என்று மனுசி என்னை ஏசியது தனிக்கதை. 2031இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை வருகிறது, பிறகு அந்த மணியை விற்க முடியாது. பதிலுக்கு எதைப் போடுவது, காசு எங்கே என்றுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு.

காசு என்றதும் பொருளாளர் ஞாபகம் வருகிறார். ஓகஸ்டில் நாங்கள் முதலிடத்தில் நின்றோம். எல்லாரும் குதிக்க, மனிதர் மட்டும் வாஃபிள் அடுப்புக்குப் பக்கத்தில் முகம் வெளிறிப்போய் நின்றார். மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினால் தெற்கே தொலைவில் உள்ள அணிகளோடும் ஆடவேண்டும். பதினெட்டுப் பேருக்கு விமானச் சீட்டு, தங்குமிடம். நாங்களோ வாஃபிளும் கோப்பியும் விற்று, பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பிக் கழிவறைக் கடதாசி விற்று நடத்துகிற கழகம். அடுத்த மூன்று போட்டியில் இரண்டு தோற்றோம். நான் பெரிய சோகத்தில் இருக்க, அவர் எனக்கு இலவசமாக ஒரு வாஃபிள் நீட்டினார், பழுப்புச் சீஸும் வைத்து!

ஜூனில் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. இரவு ஒன்பதரை மணி. எங்கள் கோல்காப்பாளர் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று ஒரு கையை நெற்றியில் வைத்திருந்தார். பந்து மற்றக் கைப்பக்கமாக உள்ளே போனது. நள்ளிரவிலும் சூரியன் இறங்காத ஊரில் எந்தப் பக்கக் கோல் வேண்டும் என்று நாணயம் சுண்டும்போதே யோசிக்கவேண்டும்.

நல்லவேளை, எங்களிடம் வீடியோ நடுவர் இல்லை. மேல் பிரிவில் அதனால் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? 2024 ஜூலையில் ரோசன்போர்க் கழகத்தின் மைதானத்தில் ரசிகர்கள் வீடியோ நடுவருக்கு எதிர்ப்புக் காட்ட மீன் கேக்கை அள்ளி எறிந்து போட்டியையே நிறுத்திவிட்டார்கள். எங்களிடத்தில் நடுவர் பிழைவிட்டால் இரண்டு வார்த்தை கத்துவோம், பிறகு அவருக்கும் ஒரு கோப்பி.

வாஃபிள் வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் கிழவர் ஒருவர் இருக்கிறார். 1963 வரைக்கும் வடக்கு அணிகளைத் தேசியக் கிண்ணத்திலேயே சேர்க்கவில்லை என்பதை நான் அவரிடமிருந்துதான் அறிந்தேன். உச்சப் பிரிவின் கதவு திறந்தது 1972இல், நார்விக் ஊரின் மியோல்னர் கழகத்துக்கு. இப்போது வடக்கு அணியான பூடோ கிளிம்ட் ஐரோப்பாவையே கலக்குகிறதே என்றேன். “அதுவும் தெற்குத் திசைதான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூடோ எங்களுக்குத் தெற்கேதானே, ட்ரொம்சோக்காரர் வேறு எப்படிச் சொல்வார்! 2012 கிண்ண இறுதியில் அப்போது ஒரு படி கீழே ஆடிய ஹட் அணியிடம் ட்ரொம்சோ பெனால்டியில் தோற்றதை மட்டும் அவர் முன் எடுத்துவிடாதே.

சரி, கடைசியில் மூன்றாமிடம். இன்னும் சில நாளில் சூரியன் போய்விடும், ஜனவரி நடுவில்தான் இனி முகம் காட்டும். என் கராஜில் பதினொரு மூட்டை கழிவறைக் கடதாசி விற்காமல் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இந்த முறை உதைபந்தாட்டத்தில் யார் வென்றார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய வலதுபக்கப் பின்வரிசை வீரன்