உண்ணாத விருந்துக்கும் கட்டணமா? கடற்கரை விடுதி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 24, டிசம்பர் 31 ஆகிய இரவுகளில் உங்கள் விடுதியில் அறை எடுப்பவர்கள், சாப்பிட வந்தாலும் வராவிட்டாலும், தலைக்கு இவ்வளவு என்று ‘காலா டின்னர்’ எனப்படும் சிறப்பு இரவு விருந்துக்குக் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். தாய்லாந்தின் புக்கெட், கிராபி போன்ற இடங்களிலும் மாலத்தீவிலும் பல கடற்கரை விடுதிகள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வரும் இவ்வழக்கத்தை நம் மலேசியாவிலும் சில விடுதிகள் கைக்கொண்டுள்ளன. எல்லா விடுதிகளும் இப்படிச் செய்வதில்லை என்பதை நான் அறிவேன். விரும்பியவர்களுக்கு மட்டும் விருந்து வைத்து, மற்றவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடும் விடுதிகளைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவன். கடந்த ஆண்டு இறுதியில் அம்மா, மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன் ஆகியோருடன் ஒரு தீவு விடுதியில் மூன்று இரவுகள் தங்குவதற்கு ஆகஸ்டு மாதத்திலேயே முன்பதிவு செய்தேன். அப்பா காலமான பிறகு அம்மா வீட்டை விட்டு வெளியே தங்க ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை என்பதால், அறை கடலைப் பார்த்தபடி இருக்கவேண்டும், மாடிப்படி ஏறாமல் போய்வர வேண்டும் என்றெல்லாம் தேடித் தேடி அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். வரிகள் உட்பட ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 420 ரிங்கிட். இரண்டு அறைகளுக்கு மூன்று இரவுகளுக்கும் சேர்த்து 2,520 ரிங்கிட். கட்டணமின்றி முன்பதிவை ரத்து செய்வதற்குக் கடைசி நாள் டிசம்பர் 15 என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

டிசம்பர் 20 அன்று விடுதியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 31ஆம் தேதி இரவு விருந்து தங்கியிருக்கும் அனைவருக்கும் கட்டாயம் என்றும், பெரியவர்களுக்குத் தலைக்கு 410 ரிங்கிட், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 205 ரிங்கிட் என்றும், தொகையை அறைக்குள் நுழையும் முன் வரவேற்பு முகப்பில் செலுத்தவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. 13 வயது மகள் பெரியவர் கணக்கில் வந்தாள். ஆக நான்கு பெரியவர்கள், ஒரு பிள்ளை, மொத்தம் 1,845 ரிங்கிட். அதே இரவில் இரண்டு அறைகளுக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்த வாடகை 840 ரிங்கிட்தான். படுப்பதற்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. 2025 முதல் இந்நாட்டில் ஒரு தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். முன்பதிவு செய்தபோதே அறிவித்திருந்தோம் என்றார்கள். மறுபடி போய்ப் பார்த்தேன். பக்கத்தின் அடியில், செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்ற வரிக்குக் கீழே, ‘பண்டிகைக் காலத்தில் கூடுதல் கட்டணங்கள் விதிக்கப்படலாம்’ என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. தொகை இல்லை, தேதி இல்லை, விருந்து என்ற சொல்லே இல்லை. ரத்து செய்கிறேன் என்றால் மூன்று இரவு வாடகையும் திரும்பக் கிடைக்காது என்றார்கள். அம்மாவுக்காவது விலக்கு அளியுங்கள், அவர் மார்கழி முழுவதும் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காதவர், இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுபவர் என்று கேட்டேன். விலக்கு எவருக்கும் கிடையாது, வராமல் இருப்பது உங்கள் விருப்பம், கட்டணம் மட்டும் மாறாது என்று பதில் வந்தது. பிள்ளைகள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பணத்தைக் கட்டினேன்.

அந்த இரவு விருந்து எட்டரை மணிக்குத் தொடங்கியது. சுட்ட நண்டும் இறாலும், ஆட்டுக்கறியும் மாட்டிறைச்சியும், ஆளுக்கு ஒரு கோப்பை ஒயினும் இருந்தன. விரும்பிச் சாப்பிடுபவர்களுக்கு அது நல்ல விருந்தாகவே இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. சைவம் என்று ஓரமாக வைத்திருந்த மேசையில் பாலாடைக்கட்டி போட்ட பாஸ்தா, பச்சைக் காய்கறி, பழங்கள். அம்மா இரண்டு துண்டு பப்பாளி எடுத்துக்கொண்டார். பரிமாறிக்கொண்டிருந்த தமிழ்த் தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “பாட்டி, கொஞ்சம் சுடுதண்ணியாவது கொண்டு வரட்டுமா?” என்று தானாக வந்து கேட்டார். அந்தச் சுடுதண்ணீரில் அம்மா கையோடு கொண்டு வந்திருந்த அவலை அறையில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அவர் பெயரில் அன்றிரவு 410 ரிங்கிட் கட்டப்பட்டிருந்தது என்பதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இனி எங்கும் வரமாட்டார். அந்தத் தம்பிக்கும், வரவேற்பு முகப்பில் ஒவ்வொரு குடும்பத்தின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு நின்ற பெண்ணுக்கும் இந்த நிபந்தனையை வகுத்ததில் பங்கு எதுவும் இல்லை. அதை வகுத்தவர்கள் அந்த முகப்பில் நிற்கவும் இல்லை.

பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை என்று பொருள். பிறகு அது புதிதாக வாசலுக்கு வந்தவரைக் குறித்தது. அவருக்கு இடும் உணவைக் குறித்தது அதற்கும் பிறகுதான். வந்தவர் யார், அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்பதுதான் சோறு வடிப்பதற்கு முந்திய வேலை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் இது தமிழர்களுக்கு மட்டும் உரிய கவலையும் அன்று. ஹலால் சமையல் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் கைநனைக்கத் தயங்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. மாட்டிறைச்சியைத் தொடாத சீனக் குடும்பங்களும், சைவம் மட்டுமே உண்ணும் பௌத்தர்களும் பினாங்கில் நிறையவே இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். இத்தனை பேரும் தங்கும் ஒரு விடுதியில், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே விருந்தை உண்டே ஆகவேண்டும் என்று விதிப்பது எந்த வகையில் உபசரிப்பாகும்?

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் யோசிக்காமல் இல்லை. அத்தகைய ஓர் இரவுக்கு இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுக்கவேண்டும், கடலுணவுக்கு வாரக்கணக்கில் முன்பே சொல்லிவைக்க வேண்டும், பணியாளர்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுக்கவேண்டும், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாவிட்டால் சமையலறை திண்டாடும் என்பவையெல்லாம் உண்மை. கணக்குப் பிரிவில் இருப்பவனுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால் வருவோரின் எண்ணிக்கையை அறிந்துகொள்வதற்கும் வராதவரிடம் வசூலிப்பதற்கும் இடையே மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. ரமலான் மாதத்தில் பினாங்கு, கோலாலம்பூர் ஹோட்டல்கள் நோன்பு துறக்கும் புஃபேக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே சலுகை விலையில் சீட்டு விற்று, இரவுதோறும் மண்டபங்களை நிரப்புகின்றன. சீனப் பெருநாளுக்கு முந்திய இரவு குடும்ப விருந்துக்கு முன்பணம் கட்டி மேசை பிடிக்காதவர்க்கு எந்தச் சீன உணவகத்திலும் இடம் கிடைப்பது அரிது. இவ்விரண்டிலும் எவரையும் எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது, மக்கள் தாமாக வருகிறார்கள். இதே சமையல்காரர்களை வைத்துக்கொண்டு டிசம்பர் 31 அன்று மட்டும் கட்டாயம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு எனக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை. பக்கத்தில் வேறு சாப்பாட்டுக்கடை இல்லாத தீவு விடுதி என்றால், விருந்தாளிக்கு வேறு வழியில்லை என்பதால் எளிய உணவும் ஒரு புறம் கிடைக்கச் செய்யும் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

சட்டத்தின் நோக்கமும் இதற்கு மாறாக இல்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விலையைப் பற்றிப் பயனீட்டாளரைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்கும் அறிவிப்புகளைத் தடை செய்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கென்றே ஒரு தனிப் பகுதியை அதில் சேர்த்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிமுறைகள், வரியும் இதர செலவுகளும் உட்பட முழு விலையையும் இணையத்தில் காட்டவேண்டும் என்று விற்பவரைக் கேட்டன. தவிர்க்கவே முடியாத ஒரு கட்டணம் விலையின் ஒரு பகுதி அல்லாமல் வேறென்ன? நான் ஆகஸ்டு மாதத்தில் பார்த்த விலை 2,520. நான் உண்மையில் கட்டிய விலை 4,365. முதலிலேயே 4,365 என்று காட்டியிருந்தால் வேறு விடுதியையோ வேறு தேதியையோ தேர்ந்தெடுத்திருப்பேன், அல்லது தெரிந்தே ஒப்புக்கொண்டிருப்பேன். இரண்டில் எதுவானாலும் இம்மடலுக்குத் தேவை இருந்திருக்காது.

பயனீட்டாளர் உரிமைத் தீர்ப்பாயத்துக்கு நான் போயிருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம் என்பது நம் நாட்டில் சாதாரண மக்களுக்குக் கிடைத்துள்ள அரிய வசதி. ஆயினும் ஒரே நிபந்தனையை எதிர்த்து ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விடுப்பு எடுத்துக்கொண்டு படியேறுவது முறையான வழியாக எனக்குப் படவில்லை. விமானத் துறையில் இதே சிக்கல் இருந்தது. பயணச்சீட்டின் முதல் விலை ஒன்றாகவும் கடைசி விலை வேறாகவும் இருந்த நிலையை, விமானப் பயனீட்டாளர் பாதுகாப்புக்கான 2016ஆம் ஆண்டு விதித்தொகுப்பு மாற்றியது. இறுதி விலையையே காட்டவேண்டும் என்று அது கட்டளையிட்டது. பணம் செலுத்துவதற்கென்றே தனியாக வசூலித்த கட்டணமும் 2019இல் தடை செய்யப்பட்டது. அதனால் விமானங்கள் பறக்காமல் நின்றுவிடவில்லை. சிங்கப்பூர் 2020 நவம்பரிலிருந்தே, சிறுகச் சிறுக விலையை ஏற்றிக் காட்டும் முறையைப் பற்றி வணிகர்களுக்கு வழிகாட்டி நெறிகளை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2025 மே மாதம் முதல், விடுதி அறைகளின் விலையைக் காட்டும்போது கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த தொகையையே காட்டவேண்டும் என்பது விதி. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சும் விடுதிகளுக்கு இத்தகைய தெளிவான ஒரு விதியை வகுக்கவேண்டும் என்று இம்மடலின் வழியே கேட்டுக்கொள்கிறேன். 1969இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தோன்றிய தீவிலிருந்து இந்தக் கோரிக்கை எழுவது பொருத்தமானதுதான்.

விதி வரும்வரை நீங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. விருந்தைக் கட்டாயமாக்கியே தீருவோம் என்றால், அந்தத் தொகையை அறை வாடகையோடு சேர்த்து, தேடுபவர் காணும் முதல் எண்ணிலேயே காட்டுங்கள். உணவுப் பட்டியலையும் நேரத்தையும் அப்போதே வெளியிடுங்கள். ரத்து செய்யும் கெடு முடிந்த பிறகு புதிய கட்டணம் எதையும் அறிவிக்காதீர்கள். சமயத்தாலோ முதுமையாலோ நோயாலோ கலந்துகொள்ள முடியாதவருக்கு விலக்குக் கொடுங்கள்; அதற்கும் மனம் வராவிட்டால், அவர் கட்டிய தொகைக்கு அந்த மூன்று நாட்களில் விடுதியின் எந்த உணவகத்திலும் எந்த வேளையிலும் சாப்பிட்டுக்கொள்ள வழி செய்யுங்கள். 13 வயதுப் பெண்ணைப் பெரியவர் கணக்கில் சேர்ப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். அவள் அன்று சாப்பிட்டது ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு பனிக்கூழும் மட்டுமே. உங்கள் விருந்து நன்றாக இருந்தால் நானும் என் மனைவியும் அடுத்த முறை விரும்பியே மேசை பிடிப்போம் என்பதை மனமாரச் சொல்கிறேன்.

இவ்வாண்டு டிசம்பரிலும் கடல் பார்க்கப் போகலாமா என்று அம்மா போன வாரம் தாமாகவே கேட்டார். நான்கு விடுதிகளுக்கு எழுதியிருக்கிறேன். 31ஆம் தேதி இரவு விருந்து கட்டாயமா, கட்டாயம் என்றால் ஐந்து பேருக்கும் மொத்தம் எவ்வளவு, இரவு ஏழு மணிக்கு வெங்காயம் பூண்டு சேர்க்காத ஒரு சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டிருக்கிறேன். ஒரு விடுதியிலிருந்து மறுநாளே பதில் வந்துவிட்டது. விருந்து கட்டாயமில்லை என்றும், சமையலறையில் கேட்டுவிட்டோம், பாட்டிக்குச் சாம்பார் சோறு போதுமா அல்லது வேறு ஏதாவது வேண்டுமா என்றும் எழுதியிருந்தார்கள். மற்ற மூன்று விடுதிகளின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸில் பணிபுரியும் ஒரு கணக்காளர்,
பினாங்கு