சிவப்புப் பறவைக்கூடு எங்கள் கடையில் ஏன் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் பலரும், "சிவப்புக் கூடு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். மகள் பத்தியத்தில் இருக்கிறாள், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, சீனப் புத்தாண்டுக்கு முதலாளிக்கு ஒரு பெட்டி கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். இல்லை என்றதும் முகம் வாடிவிடுகிறது. கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயமாக இது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பறவைக்கூடு என்று நாம் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவது வாலிட் என்ற சிறு பறவையின் எச்சில்தான். கூடு கட்டும் காலத்தில் அதன் நாக்குக்கு அடியில் இருக்கும் சுரப்பிகள் பெருத்துவிடும். ஊறுகிற எச்சிலை இழை இழையாகச் சுவரில் ஒட்டி, ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் சின்னக் கிண்ணம் போல ஒன்றைக் கட்டி முடிக்கும். காய்ந்த கூடு பெரும்பாலும் பத்து கிராம்கூடத் தேறாது. அதை ஊறவைத்து, சிக்கியிருக்கும் தூவிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பழகிய கைக்கே ஒரு நாளில் சில கூடுகள்தான் முடியும். விலை ஏறியிருப்பதில் பெரும் பங்கு இந்தக் கைவேலைக்குப் போகிறது.

சரி, சிவப்புக்கு வருகிறேன். கூடு கட்டிக் கட்டி எச்சில் வற்றிப்போன பறவை கடைசியில் ரத்தத்தைக் கக்கிக் கட்டுவதுதான் சிவப்புக் கூடு, அதனால் சத்து அதிகம் என்று ஒரு கதை உண்டு. நானும் பல வருடம் அதை நம்பினேன். 2011 வரை இதே கடையில் அந்தக் கதையைச் சொல்லித்தான் விற்றேன். அன்று என்னிடம் வாங்கியவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் விற்பனையில் இருந்த சிவப்புக் கூடுகளைச் சோதித்தார்கள். அளவு மீறினால் உடம்புக்குக் கெடுதல் செய்யும் நைட்ரைட் என்ற உப்பு அளவுக்கு மீறி இருந்தது. சீனா மலேசியக் கூடுகளின் இறக்குமதியை நிறுத்தியது. நம் நாட்டில் விலை சரிந்தது. பிறகுதான் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரைட் இருக்கக்கூடாது என்ற வரம்பும், எந்தப் பறவை வீட்டிலிருந்து (பறவைகள் வந்து கூடு கட்டுவதற்கென்றே எழுப்பிய கட்டடம்) வந்த கூடு என்று தடம் பிடிக்கும் ஏற்பாடும் வந்தன.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆராய்ந்துவிட்டார்கள். 2013இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் வெள்ளைக் கூட்டைப் பறவை எச்சத்திலிருந்து எழும் ஆவியில் வைத்தே சிவப்பாக்கிக் காட்டினார்கள். 2018இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் அதன் வேதியியலை விளக்கினார்கள். எச்சம் மக்கும்போது உண்டாகும் நைட்ரஜன் சேர்மங்கள் கூட்டின் புரதத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அந்தச் செம்மை. ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு என்று பணம் கொடுத்து வாங்குகிறவர்களிடம் இதைத் தெரிந்துகொண்டு எப்படி விற்பேன்?

பால் போல வெளுத்த கூட்டையும் நான் எடுப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல கூடு லேசான மஞ்சள் கலந்த தந்த நிறத்தில் இருக்கும். ஒன்றிரண்டு தூவிகள் கண்ணில் படும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊறவைத்தால் நன்றாக உப்ப வேண்டும். தண்ணீரில் சாயம் இறங்கக்கூடாது. வேகும்போது முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு வாசம் வரும்.

உடம்புக்கு என்ன செய்யும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சீன மருத்துவத்தில் இது நுரையீரலின் 'யின்' என்கிற குளிர்ச்சியையும் ஈரத்தையும் பேணும், சளியைக் கரைக்கும், இருமலை அடக்கும் பொருள். 1757இல் வூ யிலுவோ என்ற மருத்துவர் அப்படித்தான் எழுதி வைத்தார். நவீன ஆய்வில், கூட்டில் பாதிக்கு மேல் புரதம், பத்தில் ஒரு பங்கு அளவுக்கு சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருள். ஆனால் ஒரு வேளைக்கு நாம் போடுவது ஐந்து கிராம்தான். அதில் கிடைக்கும் புரதம் அரை முட்டையில் இருக்கிற அளவு. நோய் தீர்க்கும் என்று மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகள் எதுவும் நிரூபிக்கவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க வேண்டாம். கையில் பணம் இறுக்கம் என்றால் முட்டையும் பருப்பும் வாங்குங்கள், அதுவே போதும்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1999இல் வெளியான ஒரு சிங்கப்பூர் ஆய்வின்படி, உணவால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்த குழந்தைகளிடையே பறவைக்கூடுதான் முதல் காரணமாக இருந்தது. முதல் முறை அரைக் கரண்டிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம்.

புரட்டாசியில் சாப்பிடலாமா என்று சிலர் கேட்டீர்கள். முட்டை, குஞ்சு எதுவும் கூட்டில் இல்லைதான். ஆனாலும் உயிரின் உடம்பிலிருந்து வருவது; சைவம் என்று சொல்லி விற்க எனக்கு மனம் வராது.

எங்களுக்குக் கூடு வருவது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இதே மஞ்சோங் வட்டாரத்துப் பறவை வீடு ஒன்றிலிருந்து. குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் அங்கே கூட்டை எடுப்பார்கள். நான் அவர்களைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். முட்டையைத் தள்ளிவிட்டுக் கூடு பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தமான் குகைகளே சாட்சி. 1990களில் அங்கே இந்தப் பறவைகள் மளமளவென்று குறைந்தன. அப்புறம் கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையமும் வனத்துறையும் சேர்ந்து, கூடு பறித்துக்கொண்டிருந்தவர்களையே காவலுக்கு வைத்துக் குகைகளைப் பாதுகாத்தன. குஞ்சு பறக்கும் வரை காத்திருப்பதால் சில மாதங்களில் எங்களிடம் சரக்கு இருக்காது. அப்போது பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமைக்கும் முறை பெட்டிக்குள் இருக்கிறது, இங்கும் எழுதுகிறேன். நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, இழை பிரித்து, மூடி போட்ட கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கிற பானைக்குள் வைத்து அரை மணி நேரம் வேகவிடுங்கள். கற்கண்டைக் கடைசியில்தான் போட வேண்டும். ஊறிய தண்ணீரில் நிறம் இறங்கினாலோ மருந்து வாடை அடித்தாலோ அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். பாதி சமைத்திருந்தாலும் முழுப் பணத்தையும் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
சித்தியவான்