பிலிம் கழுவுமுன் தண்ணீரைக் குளிரவை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய நெகட்டிவைப் பார்த்தேன். வானமும் வேட்டியும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டிருக்கின்றன. கேமராமேல் தப்பில்லை, பிலிமில் படத்தை வரவைக்கும் திரவமான டெவலப்பர் சூடாக இருந்திருக்கிறது. தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்த டி-76 டெவலப்பரில் எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை பிலிமுக்கு 11 நிமிடம் என்பது 20 டிகிரிக்கான கணக்கு. சித்திரை மாதத்து தண்டையார்பேட்டை மாடித் தொட்டிக்கு அது பொருந்தாது. தண்ணீர் 33 டிகிரியில் இருந்தால் நேரம் ஏறக்குறைய 4 நிமிடமாகச் சுருங்கும். ஊற்றி வடிப்பதற்குள் படம் திட்டுத்திட்டாகிவிடும்.

20க்கு இறக்க மல்லுக்கட்டாதே, உன் அறையில் நிற்காது. 24 போதும், நேரம் சுமார் 8 நிமிடம். பக்கெட்டில் ஐஸ் போட்டு டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் மூன்றையும் பாட்டிலோடு அதில் வை. காசிமேட்டு ஐஸ் பக்கெட்டோடு நிற்கட்டும். டெவலப்பருக்குள் போட்டால் கலவை நீர்த்துப்போகும். ஒரு ரோலுக்கு 150 மில்லி டி-76, 150 மில்லி தண்ணீர். முதல் 10 விநாடியில் பிலிம் இருக்கும் டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்து, தரையில் ஒரு தட்டு தட்டு, குமிழி போய்விடும். பிறகு நிமிடத்துக்கு நான்கு முறை. ஒருமுறை பயன்பட்ட கலவையைக் கொட்டிவிடு, ஆசைப்பட்டு எடுத்துவைக்காதே.

டேங்குக்குள் போகுமுன் பிலிமைச் சுற்றும் ரீலில் அது சிக்கியது என்றாயே, அது வியர்வை. குளித்த ஈரம் காயாத பாத்ரூமில் ரீலைத் தொடாதே. ரீல் பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கை வியர்த்தால் பிலிமை டேங்குக்குள் வைத்து மூடிவிட்டுக் கையை வெளியே எடுத்துத் துடை.

ஓரத்தில் பால்போல் மங்கல் இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை என்று அர்த்தம். மறுபடி ஃபிக்ஸரில் போட்டால் தெளியும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் குழாயைத் திறந்துவிட்டு அலச வேண்டாம். டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டு, அடுத்து 10, அடுத்து 20. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். எண்ணூர் நெடுஞ்சாலைத் தூசிக்குப் பயந்து ஃபேனை நிறுத்து. பாத்ரூம் தரையில் தண்ணீர் தெளித்துப் பிலிமைத் தொங்கவிடு, கதவைச் சாத்து.

காசிமேட்டில் மதிய வெயிலில் எடுக்கும்போது வெளிச்சத்தை முகத்துக்கு அளந்து எடு, வேட்டிக்கு அல்ல. ஒரு ஸ்டாப் கூடினாலும், அதாவது வெளிச்சம் இரு மடங்கானாலும், எச்பி5 தாங்கும். நிழலில் குறைந்துபோனதை எந்த டெவலப்பரும் மீட்காது. ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, எங்கேயும் போகாது. வலை பின்னுகிறவர்களை முதலில் எடு, பிரின்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ரோலைப் போடு.

அம்மா