வீடு தேடி வரும் தீர்மான நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமியின் தாய் நான். அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறேன். கிராமத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவருவதற்கு ஆசிரியர்களையும் அரசையும் ஆங்கிலவழி மோகத்தையும் காரணம் சொல்கிறவர்கள், ஊரார் தங்கள் பள்ளியைப் பற்றிக் கூடிப் பேசச் சட்டம் கொடுத்த இடமான இக்குழு பெரும்பாலும் பேச்சின்றிக் கிடப்பதைக் கவனிப்பதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அக்குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசும் உள்ளாட்சியும் வழங்கும் நிதிக்கு அடிப்படை என்று அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்று மனு எழுதி அலைய வேண்டியவர்கள் அல்லர் பெற்றோர். திட்டத்தை எழுத வேண்டியவர்களே அவர்கள்தாம்.

எங்கள் ஊரில் நடப்பது வேறு. கூட்டம் வேலைநாளில் பிற்பகல் மூன்று மணிக்கு என்று தகவல் வரும். அந்நேரத்தில் தாய்மார் களையெடுப்பிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வா என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே கூட்டம் நாலைந்து பேரோடு முடிந்துவிடும். மறுநாள் தீர்மான நோட்டு வீடு வீடாக வரும், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்திடுவோம். நானும் அப்படி இட்டிருக்கிறேன்.

இதற்குத் தலைமையாசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே என்பது சட்டம் வகுத்த கணக்கு. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போனால் ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில்தான். மாலையில் அவருக்குப் பேருந்தும் பிடிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒருமுறை மட்டும், எங்கள் வற்புறுத்தலால், கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. அதுவரை பள்ளி வாசலையே மிதிக்காத தந்தையர் சிலரும் வந்தனர். பெண் குழந்தைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு பாட்டி எழுந்து சொன்னபோதுதான் எங்களில் பலருக்கே அது தெரியவந்தது. அந்த வாரமே தாழ்ப்பாள் போடப்பட்டது. தனியார் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் ஒரு தந்தை அன்று கேட்ட கேள்வியும் முக்கியமானது: “இங்கே வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?” அதற்கு விடை தேடி, மாதந்தோறும் ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோர் முன்னிலையில் ஒரு பக்கம் வாசிக்கச் செய்யலாம் என்று பேசினோம். அடுத்த கூட்டம் மீண்டும் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்விட்டது; அந்தப் பேச்சும் அதோடு நின்றது.

காமராசர் ஆட்சியில் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து தந்தனர். இன்றைய பெற்றோரிடம் பொருளைவிட நேரத்தைக் கேட்பதே பொருந்தும். அதை அவர்களால் தர இயலும் வேளையில் கேட்க வேண்டும்.

கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் அந்தந்தக் குழுவே முடிவு செய்யலாம் என்றும், விடுமுறை நாளில் வரும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு உண்டு என்றும், பள்ளி வளர்ச்சித் திட்டம் மே 1 கிராம சபையில் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும் என்றும் பள்ளிக் கல்வித் துறை தெளிவாக ஆணையிட வேண்டுமெனத் தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.