புடாபெஸ்ட் பயணம்: ஞாயிறுக்குள் பதில் தேவை

நண்பர்களே, வணக்கம்.

மே 12 முதல் 17 வரை புடாபெஸ்ட் போவது உறுதி. நாடாளுமன்றக் கட்டட டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் வரும் ஞாயிறு இரவு 8 மணிக்குள் உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள்.

1. ஷெங்கன் விசா கட்டாயம். பாஸ்போர்ட் நகலைக் குழுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

2. நாடாளுமன்றக் குவிமாடத்தின் கீழே ஹங்கேரியின் புனித மணிமுடி இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள சிலுவை சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கே படம் எடுக்கத் தடை.

3. பக்கத்திலேயே டான்யூப் கரையில் 60 ஜோடி இரும்புக் காலணிகள். 1944-45இல் ஹங்கேரியின் பாசிசக் கட்சியான ஆரோ கிராஸின் படையினர் சுட்டு ஆற்றில் தள்ளிய யூதர்களின் நினைவிடம் அது. குழந்தைகளின் சின்னக் காலணிகளும் உண்டு. அங்கே செல்ஃபி வேண்டாம், தயவுசெய்து. கொஞ்ச நேரம் அமைதியாக நின்றுவிட்டு வருவோம்.

4. மே 15, டான்யூப் வளைவுப் பகுதி: சென்டென்ட்ரே, விஷெக்ராட் கோட்டை, எஸ்டெர்கோம் பேராலயம். எஸ்டெர்கோமில் பாலத்தைக் கடந்தால் அக்கரை ஸ்லோவாக்கியா! 1944இல் தகர்க்கப்பட்ட அந்தப் பாலம் 2001இல்தான் மறுபடி திறந்தது. நடந்தே போய் வரலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கோட்டைக்கு ஏற்றம் அதிகம். முட்டி வலி உள்ளவர்கள் இப்போதே சொன்னால் வண்டி பேசிவிடலாம்.

5. கைச்செலவுக்கு ஹங்கேரியின் நாணயமான ஃபோரிண்ட் வேண்டும்.

பதிலில் எழுத வேண்டியது: எத்தனை பேர், சைவமா அசைவமா, அப்புறம் செச்செனி வெந்நீர்க் குளியலுக்கு வருகிறீர்களா.